பிலோ என்றால் உடை, எந்த உடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற மாதம் ‘நீங்களே ஒரு மொழி செய்யலாம்’ என்று ஒரு முழுப் பக்கம் வந்தது. என் பேத்தி அதைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். எஸ்பெராந்தோ, பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி என்று இரண்டு மூன்று மொழிகளைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ஆசை மூட்டியிருந்தீர்கள். நல்ல பக்கம், சந்தேகமில்லை. ஆனால் நான்காவது படி என்று போட்டு ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ஒரு நோட்டில் இடப்பக்கம் உங்கள் சொல், வலப்பக்கம் அதன் தமிழ்ப் பொருள், அவ்வளவுதான், அகராதி தயார். அந்த ‘அவ்வளவுதான்’ எங்கள் தெருவில் இரண்டு பெண்பிள்ளைகளை ஒன்பது நாள் முகம் பார்க்காமல் வைத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். வெட்டுவதாக இருந்தால் என் சுயபுராணத்தை வெட்டுங்கள், கருவாட்டை வெட்டாதீர்கள்.

பேத்தி எட்டாவது படிக்கிறாள். அவளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போகிறவர்கள் மூன்று பேர். ஒருத்தி எதிர்வீடு. ஒருத்தி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். இன்னொருத்தி காசிமேடு, அவள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பெரியவர்களுக்குப் புரியாமல் பேச வேண்டும் என்பதுதான் நான்கு பேருடைய லட்சியமும். முதலில் க பாஷையில் ஆரம்பித்தார்கள். ‘கநா கன் கவ கரே கன்’ என்றால் நான் வரேன். அது எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை. என் மனைவி அவர்களைவிட வேகமாக க பாஷை பேசுவாள். அப்புறம்தான் உங்கள் பக்கம் வந்தது, சொந்தமாக மொழி செய்ய உட்கார்ந்தார்கள். அதற்குப் பெயரும் உண்டு. வெளியே சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருப்பதால் இங்கே எழுதவில்லை.

க பாஷைக்கு அகராதி வேண்டாம். அது தமிழேதான், எழுத்துக்கு எழுத்து ‘க’ போட்டு மறித்த தமிழ். எந்தச் சொல் எப்படி நடந்துகொள்ளும் என்பது பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். புதிதாகச் செய்த மொழியில் அந்தச் சலுகை கிடையாது. இதைப் பிள்ளைகள் பானை உடைந்த அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் கோடைக்கு வாங்கிய மண்பானை ஒன்று இருந்தது. கீழே மணல் பரப்பி, மேலே ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் அது உடைந்துபோனது. எப்படி என்று இன்றுவரை தெரியாது, பூனை என்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் அந்த நேரம் டியூஷனில் இருந்தாள். வீட்டுக்குள் நுழையும்முன் அவளுக்கு விஷயம் தெரியட்டும் என்று என் பேத்தி ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினாள்: ‘லகு பிலோ தெம்’. லகு என்றால் பானை. தெம் என்றால் நடந்து முடிந்தது. பிலோவுக்கு எதிரே நோட்டில் ஒரே ஒரு சொல் இருந்தது: உடை.

பேத்தி எழுதியது, பானை உடைந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் படித்தது, பானையை உடைத்துவிட்டாய். அன்று காலை தண்ணீர் மொள்ளும்போது அவள் பானையை லேசாக இடித்திருந்தாளாம், அந்தப் பயம் வேறு. ‘நான் எங்க உடைச்சேன்?’ என்று அழுதுகொண்டே எங்கள் வாசலில் வந்து நின்றாள். காசிமேட்டுப் பெண் சமாதானம் பேச வந்தாள். அவளுக்குச் சீட்டே வேறு மாதிரி புரிந்திருந்தது. உடை என்றால் துணிமணி என்று நினைத்து, பானைக்குச் சுற்றிய துணி கிழிந்துவிட்டது போல என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் வைத்திருப்பது ஒரே நோட்டின் நகல்தான். என் மனைவி, ‘ஒரு பானைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பஞ்சாயத்து?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

நான் எழுத்துப் பொறுக்கிப் பிழைத்தவன். மண்ணடிப் பக்கம் ஓர் அச்சகத்தில் 1969 முதல் கம்பாசிட்டர். கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் அடுக்கி, கேலி புரூப் என்கிற சோதனைப் படி எடுத்து, பக்கங்களைப் பாரமாகக் கட்டி டிரெடில் மெஷினில் ஏற்றுகிற வேலை. கம்ப்யூட்டர் வந்து கேஸ்களை எடைக்குப் போட்ட பிறகு, அதே இடத்தில் மெய்ப்புப் பார்த்தேன். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பழைய குற்றம் உண்டு. எழுபதுகளில் ஒரு கையடக்க அகராதி எங்களிடம் அச்சுக்கு வந்தது. கையெழுத்துப் பிரதியில் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் பெ., வி. என்று இருந்தது. பெயர்ச்சொல், வினைச்சொல். சில பக்கங்கள் கோப்பதற்குள் எங்களிடம் இருந்த அடைப்புக்குறி அத்தனையும் தீர்ந்துபோனது. முதலாளி வந்து பார்த்தார். ‘இதையெல்லாம் எவன் படிக்கிறான், எடுத்துடு’ என்றார். எடுத்துவிட்டேன்.

புத்தகம் வெளிவந்த பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கடுதாசி போட்டார். ‘படி’ என்ற சொல்லுக்கு எதிரே ஏணிப்படி, அளக்கும் படி, நகல், வாசி, அடியில் தங்கு என்று வரிசையாகப் போட்டிருக்கிறீர்களே, இதில் எது பெயர், எது வினை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், நான் என்ன சொல்ல என்று கேட்டிருந்தார். முதலாளி அதைக் கசக்கிக் கூடையில் போட்டார். நான் எடுத்துப் பிரித்துப் படித்தேன். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் மறக்கவில்லை.

எஸ்பெராந்தோவும் எனக்குப் புதிதில்லை. மூர் மார்க்கெட் 1985 இல் எரிவதற்கு முன்பு, சம்பளம் வாங்கிய சனிக்கிழமைகளில் அங்கே பழைய புத்தகக் கடைகளைச் சுற்றுவேன். அப்படி ஒருமுறை மூன்று ரூபாய்க்கு, ஆங்கிலம் வழியாக எஸ்பெராந்தோ சொல்லித்தரும் புத்தகம் கிடைத்தது. வார்சாவில் இருந்த ஜாமன்ஹாஃப் என்ற கண் வைத்தியர் 1887 இல் வெளியிட்ட மொழி. இலக்கணம் மொத்தம் 16 விதி. முதல் நூலில் ஏறக்குறைய 900 வேர்ச்சொற்கள். ஓகாரத்தில் முடிந்தால் பெயர், ஆகாரத்தில் முடிந்தால் பெயரடை, ஏகாரத்தில் முடிந்தால் வினையடை, இகரத்தில் முடிந்தால் வினை. சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே அது என்ன சாதிச் சொல் என்று தெரிந்துவிடும். அடைப்புக்குறி தீர்ந்துபோகிற அச்சகத்துக்கு இதைவிட நல்ல மொழி ஏது? இந்த மொழியின் அகராதியில் பெ., வி. எதுவும் வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

போலந்தில் ஒரு பேனா நண்பர் கிடைத்தார். என் தினசரி வாழ்க்கையைப் பற்றி அவருக்கு எழுதினேன். காலையில் எழுந்ததும் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன் என்பதற்கு ‘மி போலாஸ் அக்வோன்’. எஸ்பெராந்தோவில் ‘போலி’ என்றால் கொதித்தல், நம் ஊர்ப் போலி இல்லை. பதில் வந்தது: தினமும் காலையில் நீங்களே கொதிக்கிறீர்களா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போலி என்பது தானாகக் கொதிப்பது மட்டும். தண்ணீரைக் கொதிக்க வைக்க, நடுவில் ‘இக்’ சேர்த்து ‘போலிகி’ என்று ஆக்க வேண்டும். தமிழனாக யோசித்திருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது. நாமும் தண்ணீரைக் கொதிக்கிறேன் என்று சொல்வதில்லை, கொதிக்க வைக்கிறேன் என்றுதானே சொல்கிறோம். ஆனால் என் புத்தகத்தின் கடைசியில் இருந்த சொற்பட்டியல் ‘போலி’க்கு எதிரே ‘பாயில்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஆங்கிலப் பாயில் இரண்டு வேலையும் செய்யும். அதன் குணம் என் எஸ்பெராந்தோவில் வந்து ஒட்டிக்கொண்டது. பேத்தியின் நோட்டில் தமிழ் ‘உடை’ செய்ததும் இதேதான்.

தமிழ் நம்மைக் கவிழ்க்கிற இடமும் உண்டு. கூட்டம் தொடங்கியது என்கிறோம், தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார் என்றும் சொல்கிறோம். நமக்கு ஒரே சொல். எஸ்பெராந்தோவின் ‘கொமென்ட்சி’ ஒன்றைத் தொடங்குவதற்கு மட்டும். கூட்டம் தானாகத் தொடங்கினால் ‘கொமென்ட்சிஜி’. உடைதல் விஷயத்திலும் அப்படியே, ‘ரோம்பி’ என்றால் ஒன்றை உடைத்தல், தானே உடைந்தால் ‘ரோம்பிஜி’. கொதித்தலுக்குத் தானாக நடப்பது அடிப்படை, உடைத்தலுக்குச் செய்வது அடிப்படை. இதற்கு விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1905 இல் அந்த மொழிக்கு அடிப்படை என்று வைத்துக்கொண்ட நூலில், வேர்ச்சொல்லுக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் என்று ஐந்து மொழியில் பொருள் இருக்கும். ஒரு மொழி குழப்பினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கட்டும் என்கிற மாதிரி. ஐந்தும் படித்தவன் எத்தனை பேர்? பிற்பாடு 1970 இல் வந்த பெரிய அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் குறி இருக்கிறது. செயப்படுபொருள் கேட்கிற வினைக்கு ‘டி.ஆர்.’, கேட்காததற்கு ‘என்.டி.ஆர்.’. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்கவே மறக்காத குறி.

இன்னொரு வம்பும் அங்கே உண்டு. தலை வாருவது ‘கோம்பி’. கருவிக்கு ‘இல்’ என்று ஓர் ஒட்டு இருப்பதால் சீப்பு ‘கொம்பீலோ’. சரி. அப்படியென்றால் பிரஷ் போடுவது ‘ப்ரோசி’ என்றால் பிரஷ் ‘ப்ரோசீலோ’வாக இருக்க வேண்டும் அல்லவா? கிடையாது. பிரஷ் வெறும் ‘ப்ரோசோ’. ஏனென்றால் ப்ரோஸ் என்ற வேரே பொருளின் பெயர், கோம்ப் என்ற வேர் செயலின் பெயர். இரண்டும் தலைமயிர்ப் பக்கத்திலேயே புழங்கினாலும் பிறப்பு வேறு. கடைசி எழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று முடிவு கட்டியிருந்தேனே, அது இங்கே பொய்த்தது. அந்தப் பெரிய அகராதிக்காரர்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். தலைச்சொல்லையே ஒரு சாய்கோடு போட்டு, ஒன்றை ஓகாரத்திலும் மற்றதை இகரத்திலும் முடித்துக் காட்டிவிடுகிறார்கள். அடைப்புக்குறியே வேண்டாம்.

இதைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்முடைய தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி நினைவுக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் போட்டது. கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து புரட்டியிருக்கிறேன், பொருள் தேட இல்லை, அச்சுக்கோப்பைப் பார்க்க. அதில் வினையை மொட்டையாக விடமாட்டார்கள். ‘உடை-தல்’ என்று ஒரு பதிவு, பக்கத்தில் 4 என்ற எண், தானே நடக்கிற வினை என்ற குறி. ‘உடை-த்தல்’ என்று வேறொரு பதிவு, பக்கத்தில் 11, ஒன்றைச் செய்கிற வினை என்ற குறி. அந்த எண் அந்த வினை இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் எப்படி மாறும் என்பதற்கான வாய்பாட்டு எண். எண்ணைப் படிக்கத் தெரியாதவனுக்கும் ஒரு ‘த்’ இருக்கிறதா இல்லையா என்பதிலேயே பாதி விஷயம் விளங்கிவிடும். பிற்பாடு 1992 இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறு வழியில் போனது. ‘உடை’ என்று எழுதி, பக்கத்தில் ‘உடைய, உடைந்து’ அல்லது ‘உடைக்க, உடைத்து’ என்று கொடுத்தது. இலக்கணமே படிக்காதவனுக்கும் இது புரியும்.

அந்தக் கையடக்க அகராதியைக் கோத்த நாளில் இது என் புத்தியில் படவில்லை. அடைப்புக்குறி தீர்ந்தால் என்ன, ‘படி-தல்’, ‘படி-த்தல்’ என்று ஒரு ‘த்’ கூடுதலாக வைத்திருந்தால் வாத்தியாரின் கேள்வியில் பாதி தீர்ந்திருக்கும். ‘த்’ எழுத்து எங்கள் கேஸில் எப்போதும் குவிந்துதான் கிடக்கும்.

‘த்’ எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்டையின் தொழில்சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் காலத்தில் துணி வெளுக்கிறவர்கள் குடியேறியதால்தான் இது வண்ணாரப்பேட்டை. ‘சட்டை வெளுத்துவிட்டது’ என்றால் தானாக நிறம் போனது. ‘சட்டையை வெளுத்தான்’ என்றால் ஆள் வெளுத்தது. இரண்டும் வெளுத்தல்தான், ‘த்’ இரண்டிலும் உண்டு. ‘ஆளை வெளுத்துட்டான்’ என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த மாதிரிச் சொல்லைப் பொருளாகப் போடும்போது குறி போதாது, ஒரு வாக்கியம் எழுதியே ஆக வேண்டும்.

லோஜ்பான் என்று ஒரு மொழி, 1987 இலிருந்து செய்துவருகிறார்கள். அதன் அகராதியைப் பேத்தி போனில் எடுத்துக் காட்டினாள், நான் அசந்துவிட்டேன். அங்கே வேர்ச்சொற்களுக்குப் பெயர், வினை என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை காலியிடம், எந்த இடத்தில் எது உட்காரும் என்பதுதான் அகராதிப் பதிவு. ‘க்லாமா’ என்ற சொல்லுக்கு ஐந்து இடம்: போகிறவர், போய்ச் சேரும் இடம், கிளம்பிய இடம், வழி, வாகனம். நான், எழும்பூருக்கு, வண்ணாரப்பேட்டையிலிருந்து, மின்ட் வழியாக, பஸ்ஸில். இதே வரிசை. மாற்றிச் சொன்னால் எழும்பூர் என்னைப் பார்க்க வந்துவிடும். இதைப் படித்தபோது, ஒரு தொழில் நடக்க எட்டு சங்கதி வேண்டும் என்று தொல்காப்பியத்தில் வருவது ஞாபகம் வந்தது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். நமக்கு இது இலக்கணத்தில் இருக்கிறது. அவர்கள் இதைப் போன்ற ஒன்றை ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக அகராதியில் வைத்துவிட்டார்கள்.

இப்போது கருவாடு. பேத்தியின் மொழியில் பன்மைக்கு இரண்டு விகுதி. கடல் சாமானுக்கு ‘ரா’, கரைச் சாமானுக்கு ‘கே’. யோசனை காசிமேட்டுப் பெண்ணுடையது. அழகான யோசனை என்றே நினைக்கிறேன். ஸ்டார் டிரெக் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் பேசுகிற, மார்க் ஒக்ராண்ட் 1985 இல் அகராதி போட்ட கிளிங்கான் மொழியில்கூட, பேசத் தெரிந்தவற்றுக்கு ஒரு பன்மை, உடல் உறுப்புக்கு ஒரு பன்மை, மற்றதுக்கெல்லாம் ஒரு பன்மை. உயர்திணை, அஃறிணை பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் அதிசயமே இல்லை.

மீனுக்கு ‘ரா’. நண்டுக்கு ‘ரா’. வீட்டுக்கு ‘கே’. படகு? தண்ணீரில் இருந்தாலும் கரையேற்றி வைத்திருந்தாலும் ‘ரா’ என்று தீர்ப்பு. வலை? கரையில்தான் பின்னுகிறார்கள், ஆனாலும் ‘ரா’. ஐஸ்கட்டி கரையில் வாங்கிப் படகில் ஏற்றிக் கடலுக்குப் போய் மீனோடு திரும்புகிறது, கொருக்குப்பேட்டைப் பெண் அதை ‘கே’ என்று நிறுத்திவிட்டாள். உப்பு இரண்டு நாள் இழுத்தது. கருவாடு இன்னும் இழுக்கிறது. கடலில் பிறந்தது, கரையில் காய்ந்தது. காசிமேட்டுப் பெண் காய்ந்தாலும் மீன் மீன்தான் என்கிறாள். என் பேத்தி, உயிரோடு கடலில் நீந்துகிற கருவாட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்கிறாள். இதில் யார் சரி என்பது எனக்கு முக்கியமில்லை. கருவாடு என்ற பொருளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது எந்த வகை என்று தெரியாது. யாராவது முடிவு செய்து நோட்டில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதினால்தான் உண்டு.

இதை நீங்கள் அந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கலாம் என்பதே என் மனக்குறை. தமிழில் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், அகராதி கைவிட்டாலும், எதிர்வீட்டு ஆயாவைக் கேட்டால் வாய் தன்னால் சரியாகச் சொல்லும். பானையை உடைந்தேன் என்று எந்த ஆயாவும் சொல்லாது. பிள்ளைகள் செய்த மொழிக்கு ஆயா கிடையாது. அந்த மொழி தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மொழியில் கால்வாசி படுத்துவிடுகிறது. நோட்டை விட்டால் கேட்பதற்கு வேறு இடமில்லை.

விளையாட்டுக்கு எதற்குத் தாத்தா இவ்வளவு சட்டம், பேசப் பேசத் தானாக வந்துவிடும் என்று கொருக்குப்பேட்டைப் பெண் கேட்டாள். அதிலும் நியாயம் இருக்கிறது. ‘கொடு’ என்பதற்கு அவர்கள் வைத்த சொல்லில் வாங்குகிறவர் முன்னால் வரும், பொருள் பின்னால் வரும் என்று யாரும் எழுதாமலே பழகிவிட்டது. ஆனால் புதிதாகச் சேர்ந்த என் மனைவிக்கு அது தெரியாது. ஆமாம், அவளும் சேர்ந்துவிட்டாள், ரகசிய மொழியின் கதி அப்படி. அவள் சொன்ன வாக்கியத்துக்கு, முருங்கைக்காயிடம் எதிர்வீட்டம்மாவைக் கொடு என்று அர்த்தம் வந்தது.

நாங்கள் நோட்டைத் திருத்துகிறோம். நான் வைத்த விதிகள் கொஞ்சம்தான். தமிழ்ப் பொருளில் வினையை மொட்டையாக எழுதக் கூடாது, ‘தல்’ அல்லது ‘த்தல்’ சேர்க்க வேண்டும். வெளு, தொடங்கு மாதிரி இரண்டுக்கும் பொதுவான சொல் வந்தால் ஒரு வாக்கியம். ஒவ்வொரு வினைக்குப் பக்கத்திலும் ‘தானே’ அல்லது ‘ஒன்றை’ அல்லது ‘ஒருவருக்கு ஒன்றை’. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்பதற்குச் செ.கு.வி., செ.குன்றா வி. என்றெல்லாம் சுருக்கம் வைத்தால் முன்பக்கத்தில் ஒரு விளக்கப் பட்டியல் போட வேண்டிவரும். அந்தப் பட்டியலை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்று முப்பது வருஷம் பாரம் கட்டியவனுக்குத் தெரியும். பெயர்ச்சொல்லுக்குக் கடல் என்றால் நீலப் பேனா, கரை என்றால் கறுப்பு. சொல்லைப் பார்த்தாலே தெரிவதற்குக் குறி கிடையாது. அவர்கள் மொழியில் நிறம், ருசி, அளவு சொல்கிற சொல் எல்லாம் இகரத்தில் முடிகிறது. அதற்குப் பக்கத்தில் பெயரடை என்று எழுதுவது மை செலவு.

பிலோவுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. பிலோ என்றால் உடை-தல், தானே. உடை-த்தலுக்கு ‘பிலோமா’. துணிமணிக்கு வேறு சொல் செய்துவிட்டார்கள். சீட்டை மறுபடி எழுதிக் கொடுத்த பிறகுதான் எதிர்வீட்டுப் பெண் பேச ஆரம்பித்தாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாணவர்கள் அனுப்புகிற புதுமொழிச் சொற்களை வாராவாரம் வெளியிடுகிறீர்கள். சென்ற ஞாயிறு பட்டியலில் ஒரு சொல்லுக்குப் பொருள் ‘ஓடு’ என்று மட்டும் போட்டிருந்தது. ஓடுவதா, கூரையில் வேய்வதா, ஆமைக்கு இருப்பதா, ‘அவனோடு’ என்பதில் வரும் ஓடா? அனுப்பிய பிள்ளைக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. சொல், பொருள் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் விட்டு, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இடம் போதாது என்று உங்கள் ஆசிரியர் குழுவில் யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கத்தின் மூலையில் வருகிற ராசிபலனைக் கொஞ்சம் ஒடுக்கினால் போதும்.

எங்கள் நோட்டில் இதுவரை 340 சொல். அதில் 212க்குக் குறி போட்டாகிவிட்டது. கருவாட்டுக்குப் பக்கத்தில் இப்போதைக்குப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.